எத்தனை பை போதும்?

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் வழக்கம் எல்லாப் பங்குகளிலும் உள்ளதே. வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையை ஒட்டிய நமது கிளைக்கிராமம் ஒன்றில், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குச் செல்லும்போது மட்டும் நாம் சில வேளைகளில் அரைமணி நேரம் திண்ணையில் அமர்ந்திருக்க நேரிடும். கதவு சாத்தியிருக்கும், சன்னலும் சாத்தியிருக்கும், சித்திரை வெயிலாயினும் மின்விசிறி ஓடாது. உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் மட்டும் கேட்கும்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க சாமி, பை மாத்திக்கிட்டிருக்கோம்."

அந்த வீட்டுப் பெரியவர் மூன்று மா நிலமும், அதைவிடப் பெரிய பிடிவாதமும் உடைய விவசாயி. இருபது ஆண்டுச் சர்க்கரை நோயால் இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மும்முறை தஞ்சைக்குப் பேருந்தில் சென்று, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரித்துத் திரும்புவது அவரால் இயலாததாயிற்று. ஆகவே மருத்துவர்கள் வயிற்றுவழி டயாலிசிஸ் முறையை அவருக்கு அமைத்துக் கொடுத்தனர். திரு இருதய ஆண்டவர் படத்துக்குச் சற்றுத் தள்ளிச் சுவரில் ஓர் ஆணி. அதில் இரண்டு லிட்டர் திரவம் நிறைந்த பை தொங்கும். வயிற்றில் பொருத்தப்பட்ட மெல்லிய குழாயின் வழியே அத்திரவம் உள்ளே இறங்கும். சில மணி நேரம் கழித்து அதனை வெளியே வடித்துவிட்டுப் புதிய பையை ஏற்றுவார்கள். நாளொன்றுக்கு மூன்று பைகள்.

இதன் தத்துவம் நெற்களஞ்சிய நாட்டார்க்கு விளங்காததன்று. நம் வயிற்றின் உட்புறத்தைப் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அதில் எண்ணற்ற நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. வயிற்றினுள் தேங்கிய தூய திரவத்துக்குள் இரத்தத்திலுள்ள யூரியா, கிரியாட்டினின் முதலிய கழிவுகள் அச்சவ்வின் வழியே கசிந்து வருகின்றன. திரவத்தில் கலந்துள்ள சர்க்கரை, உடலில் மிகுந்த நீரையும் தன்பால் இழுத்துக் கொள்கிறது. வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வடிகாலும் வேண்டும் என்பதை டெல்டா விவசாயிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய வடிகால் போதுமா, போதாதா என்பதை எப்படி அறிவது? இக்கட்டுரையின் பொருள் அதுவே.

இதனை எழுத நாம் துணிந்ததற்குக் காரணம் நாமும் ஏமாந்தமையே. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் அவ்வீட்டுக்குச் சென்றபோது, வீட்டுக்காரம்மா மகிழ்ச்சியோடு ஒரு செய்தி சொன்னார்: "முன்னெல்லாம் ராத்திரி மூணு நாலு தடவை ஒண்ணுக்குன்னு எழுந்திருப்பாங்க சாமி. இப்ப எழுந்திருக்கிறதே இல்ல. நல்லாத் தூங்குறாங்க." நாமும் அதனை நற்செய்தியாகவே கொண்டோம். ஆண்டவருக்கு நன்றி கூறி விடைபெற்றோம். உண்மையில் அன்று எங்களுக்குச் சொல்லப்பட்டது அபாய அறிவிப்பு.

அடுத்த மூன்று மாதங்களில் பெரியவர் மாறிப்போனார். குழம்பு கொதிக்கும் வாசனை வந்தாலே குமட்டல். வாயில் எப்போதும் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு சுவை. உடம்பெல்லாம் அரிப்பு. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். கணுக்காலில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்து நிற்கும். "வயசாச்சுல்ல சாமி" என்றார் அவர். "மருந்து கேக்கல" என்றார் மகன். பைகளின் எண்ணிக்கை குறையவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த பழைய அறிக்கையிலும் எண் சரியாகவே இருந்தது. சம்பா அறுவடை வந்துவிட்டதால் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். தை முடிவில் நாம் வற்புறுத்திய பின்னரே புறப்பட்டனர். நாமும் உடன் சென்றோம்.

அங்கே டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் முதலில் கேட்ட கேள்வி பைகளைப் பற்றியதன்று. "ஐயா, ஒரு நாளைக்குச் சிறுநீர் எவ்வளவு போகுது?" என்பதே. பெரியவர் விழித்தார். வீட்டுக்காரம்மா மெல்லச் சொன்னார்: "அரை டம்ளர் இருந்தா அதிகம், சிஸ்டர்."

பைகளின் போதுமை பைகளில் மட்டும் இல்லை என்பதை அன்று நாம் கற்றோம். இந்தச் சிகிச்சையைத் தொடங்கும்போது பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. பத்தில் ஒரு பங்கு வேலையையாவது அது செய்துகொண்டிருக்கும். அந்த மிச்சப் பணியையும் கணக்கில் சேர்த்தே மருத்துவர் மூன்று பை போதும் என்று தீர்மானிக்கிறார். மாதங்கள் செல்லச் செல்ல அந்த மிச்சமும் வற்றுகிறது. நோயாளிக்கோ வலியில்லை, இரவில் எழ வேண்டிய தொல்லையும் இல்லை. குடும்பம் அதைக் குணம் என்று எண்ணுகிறது.

மருத்துவர்கள் இதனை அளக்கும் முறையைச் சிறிது விளக்குவோம். பள்ளிக்கூடக் கணக்குத்தான், அஞ்ச வேண்டாம். ஒரு நாள் முழுதும், இருபத்துநான்கு மணி நேரம், வடித்த திரவம் அனைத்தையும் சேர்க்க வேண்டும். அதேபோல் சிறுநீரையும் ஒரு துளி விடாமல் சேர்க்க வேண்டும். இரண்டிலும் யூரியா எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் பார்க்கும், இரத்தத்திலும் பார்க்கும். உடலில் உள்ள மொத்த நீர், ஒரு வாரத்தில் எத்தனை முறை யூரியாவினின்று தூய்மையாயிற்று என்பதே இதிலிருந்து கிடைக்கும் விடை. கே.டி./வி. என்று அதனைக் குறிப்பர்.

அந்தப் பெரியவரின் கணக்கையே, எண்களைச் சற்று முழுமையாக்கிக் கூறுகிறோம். எடை ஏறத்தாழ 50 கிலோ; உடல்நீர் சுமார் 30 லிட்டர். மூன்று பைகளில் 6 லிட்டர் உள்ளே செல்கிறது. உடலிலிருந்து இழுத்த நீரையும் சேர்த்து 7 லிட்டர் வெளிவருகிறது. வெளிவந்த திரவத்தின் யூரியா அடர்த்தி இரத்தத்தில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே நாளொன்றுக்கு 6.3 லிட்டர் தூய்மை, வாரத்துக்கு 44.1 லிட்டர். 30ஆல் வகுத்தால் 1.47. இது பைகளின் பங்கு. தொடக்கத்தில் அவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் சிறுநீர் போயிற்று. அதன் யூரியா இரத்தத்தைப் போல் நான்கு மடங்கு அடர்ந்திருந்தபடியால் அந்த அரை லிட்டர், 2 லிட்டர் தூய்மைக்குச் சமம். வாரத்துக்கு 14 லிட்டர். 30ஆல் வகுக்க 0.47. இரண்டும் சேர்ந்து 1.94. குறைந்தது 1.7 வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவாதலால் மருத்துவர் திருப்தியடைந்தார். அரை லிட்டர் அரை டம்ளர் ஆனபோது அந்த 0.47 ஏறத்தாழ மறைந்தது. மூன்று பைகளும் முன்போலவே ஏறி இறங்கின. மிஞ்சியதோ 1.47தான்.

பழைய அறிக்கையின் எண் பொய்யன்று. அது பழைய சிறுநீரகத்துக்கு உரிய எண். ஆகையால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை இந்த அளவை மீண்டும் எடுக்க வேண்டும், சிறுநீர் குறைந்தால் உடனே எடுக்க வேண்டும் என்று அச்செவிலியர் அழுத்தமாகச் சொன்னார்.

இன்னொன்றும் அன்று வெளிப்பட்டது. அறுவடை நாட்களில் மத்தியானப் பையைப் பெரியவர் பலமுறை விட்டிருக்கிறார். களத்துமேட்டில் தூசு பறக்கும்போது வீட்டுக்கு வந்து, கை கழுவி, முகக்கவசம் கட்டி, கதவடைத்து அரைமணி நேரம் உட்காருவது யாருக்கும் எளிதன்று. ஆனால் ஆய்வுக்குத் திரவம் சேர்த்த நாளில் மட்டும் மூன்றையும் முறையாகச் செய்திருக்கிறார். தேர்வுக்கு முதல்நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையைப் போல! பாஸ்கா காலத்தில் மட்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவோரையும் நாம் அறிவோமாதலால் அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. செவிலியரும் கடியவில்லை. "எந்தப் பையை விட்டீங்கன்னு நோட்டுல எழுதுங்க ஐயா, அது போதும்" என்றார். பொய்யான நோட்டை வைத்துக்கொண்டு மருத்துவர் பை கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

மூட்டுவலிக்கென மருந்துக்கடையில் அவராகக் கேட்டு வாங்கிய மாத்திரைகளும் பையிலிருந்து வெளிவந்தன. மருத்துவர் அவற்றைப் பார்த்து முகம் சுளித்தார். வலிநிவாரணி மாத்திரைகளுள் பல, எஞ்சியிருக்கும் சிறுநீரகப் பணியைக் கெடுக்க வல்லவை. சிறுநீர் இத்துணை விரைவில் வற்றியதற்கு அவையும் துணைபோயிருக்கலாம் என்பது மருத்துவரின் ஐயம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டதே, இனிச் சிறுநீரகத்துக்குக் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நம்மவர் பலரும் நினைக்கின்றனர். அந்த அரை லிட்டர் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும்.

வயிற்றைக் கொண்டு இரத்தத்தைக் கழுவலாம் என்ற எண்ணம் புதியதன்று. ஜெர்மனியில் கான்டர் என்னும் மருத்துவர் 1923இலேயே அதனை முயன்று பார்த்தார். நோயாளி நடமாடிக்கொண்டே, இரவும் பகலும் தொடர்ந்து செய்துகொள்ளும் முறையாக அதனை 1976இல் வகுத்தவர்கள் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தைச் சேர்ந்த பொறியாளர் பொபொவிச்சும் மருத்துவர் மாங்கிரீஃபும் ஆவர். இந்தியாவில் இது 1991இல் தொடங்கியது. சென்னையின் மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம் அதன் முன்னோடிகளுள் ஒருவர். விலை காரணமாக நெடுங்காலம் ஏழைகளுக்கு இது எட்டாக்கனியாகவே இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இத்தகைய நோயாளிகளுக்குப் பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் பணியும் இடம்பெற்றது.

அது நிற்க. 1.7 என்னும் அந்த எண் வானத்திலிருந்து இறங்கியதன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. நமக்கு அது சுவையாக இருந்தது. 1996இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் 680 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, கழிவு எவ்வளவு மிகுதியாக நீங்குகிறதோ அவ்வளவுக்கு ஆயுள் நீள்கிறது என்று கூறியது. உடனே 1997இல் அமெரிக்க வழிகாட்டிகள் 2.0 வேண்டுமென்று விதித்தன. மருத்துவர்கள் பையைப் பெரிதாக்கினர், எண்ணிக்கையைக் கூட்டினர். பின்னர் மெக்சிகோவில் 965 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான நான்கு பைகளும், மறு பிரிவினருக்கு அதனினும் மிகுந்த அளவும் கொடுத்துப் பார்த்தனர். 2002இல் முடிவு வெளிவந்தது. உயிர் பிழைத்திருப்பதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை! மறு ஆண்டில் ஹாங்காங்கில் வெளியான ஆய்வும், 1.7க்கு மேல் போவதால் ஆயுள் கூடவில்லை, அதற்குக் கீழே இருந்தோர்க்குச் சோகை முதலிய தொல்லைகள் மிகுந்தன என்று கண்டது.

அப்படியாயின் 1996இன் ஆய்வு தவறா? அதே ஆய்வின் விவரங்களை மீண்டும் அலசி 2001இல் விடை கண்டனர். அந்நோயாளிகளைக் காத்தது பைகள் அல்ல, எஞ்சிய சிறுநீரே. நாளொன்றுக்குப் போகும் ஒவ்வொரு 250 மில்லி லிட்டர் சிறுநீருக்கும் இறப்பின் அபாயம் 36 விழுக்காடு குறைந்திருந்தது. பையையும் சிறுநீரையும் ஒன்றுக்கொன்று சமமென்று கூட்டிக் கணக்கிட்டதே பிழை. நம் பெரியவரின் 1.94க்கும், சிறுநீரே இல்லாத வேறொருவர் பைகளால் மட்டும் பெறும் 1.94க்கும் தாளில் வேறுபாடு இல்லை; உடம்பில் உண்டு.

2006இல் உலக அளவிலான வயிற்றுவழி டயாலிசிஸ் சங்கம் குறைந்த அளவு 1.7 என்று வரையறுத்தது. அதே சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரே எண்ணைத் துரத்துவதைக் கைவிட்டு, நோயாளி எப்படி உண்கிறார், எப்படி உறங்குகிறார், உடலில் நீர் எவ்வளவு தேங்குகிறது, அவர் வாழ்வில் எதை வேண்டுகிறார் என்பனவற்றையெல்லாம் சேர்த்தே சிகிச்சையை அளக்க வேண்டும், நோயாளியோடு கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. எண் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. எண் ஒரு சாட்சி, நீதிபதியன்று என்றே நாம் பொருள் கொள்கிறோம்.

எடுத்துக்காட்டாக, கே.டி./வி. யூரியாவை மட்டும் அறியும், நீரை அறியாது. 1.9 பெற்ற ஒருவர் உடலில் நீர் தேங்கி மூச்சுத் திணறலாம். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் நம் சோற்றுக்கு உயிர். அந்த உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் செம்பைக் கையில் எடுக்க வைக்கும். பெரியவரின் கால்வீக்கத்தில் கருவாட்டுக்கும் பங்குண்டு என்று வீட்டுக்காரம்மாவே ஒப்புக்கொண்டார். நாள்தோறும் காலையில் எடை பார்ப்பது, ஏற்றியது எவ்வளவு, வடிந்தது எவ்வளவு என்று தராசில் நிறுத்து எழுதுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது ஆகிய மூன்றும் நீரின் கணக்கைக் காட்டும். ஏற்றியதைவிட வடிந்தது குறைந்தால் சில வேளைகளில் காரணம் வெறும் மலச்சிக்கலாகவும் இருக்கும்; புடைத்த குடல் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும்.

புரதமும் அவ்வாறே. ஒவ்வொரு நாளும் பைகளோடு சில கிராம் புரதம் வெளியேறிவிடுகிறது. கஞ்சியும் ரசஞ்சாதமுமாக நாளைக் கழிக்கும் முதியவர் மெலிந்துபோவார். அவருடைய இரத்த யூரியாவும் குறைவாகவே தெரியும். அது நல்ல அடையாளமன்று, உண்ணாமையின் அடையாளம். முட்டையின் வெள்ளைக்கருவும் மீனும் அளவறிந்து கொடுக்கவேண்டும் என்றார்கள். எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவரே சொல்லவேண்டும்.

எல்லாருடைய வயிற்றுச் சவ்வும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. சிலருக்குக் கழிவு விரைவாகக் கசியும். ஆனால் பையின் சர்க்கரையும் அதே விரைவில் உடலுக்குள் போய்விடுவதால் நீர் இழுக்கப்படாது. அவர்களுக்குத் திரவம் நெடுநேரம் தங்கக்கூடாது. சிலருக்கு நேர்மாறு. இதனைக் கண்டறிய டுவார்டோவ்ஸ்கி என்னும் மருத்துவர் 1987இல் வகுத்த நான்கு மணி நேரச் சோதனை உண்டு. சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்கள் கடந்தபின் அதனைச் செய்வர். பெரியவருக்குச் சவ்வு நடுத்தரம் என்று வந்தது. ஆகவே குறை சவ்வில் இல்லை. நான்காவது பை ஒன்றே வழி. கணக்கும் அதையே சொன்னது: நான்கு பைகளில் 8 லிட்டர், இழுத்த நீர் 1 லிட்டர், பத்தில் ஒன்பது பங்காக 8.1 லிட்டர், வாரத்துக்கு 56.7, 30ஆல் வகுக்க 1.89.

பெரியவர் மறுத்துவிட்டார். "மூணு பைக்கே என் வாழ்க்கை போச்சு. நாலாவது பை போட்டா நான் வயலைப் பாக்குறது எப்ப? இவ சோறாக்குறது எப்ப?" என்றார். மருத்துவர் நம்மைப் பார்த்தார். நாம் புத்தி சொல்வோம் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நாமோ வீட்டுக்காரம்மாவைப் பார்த்தோம். நாள்தோறும் பைப்பெட்டி தூக்கி, கை கழுவிக் கழுவித் தோல் வெடித்த அவரை அதுவரை யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "பையைப் பத்தி எனக்குக் கவலையில்ல சாமி. நான் ஆக்குறதை இவங்க வாயில வைக்கணும்."

பின்னர் நேரத்தைப் பற்றிப் பேச்சு நடந்தது. விடிவதற்கு முன் ஒன்று; வயலிலிருந்து திரும்பியதும் பதினோரு மணிக்கு ஒன்று; மாலை ஐந்துக்கு ஒன்று; படுக்கும்போது ஒன்று. ஒரு மாதம் செய்து பார்ப்பது. உணவு இறங்கவில்லையென்றால் மீண்டும் உட்கார்ந்து பேசுவது. இந்த உடன்பாட்டின்மேல் பெரியவர் தலையசைத்தார். வலி மாத்திரை நிறுத்தப்பட்டது. கருவாடு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று அவரே பேரம் பேசினார். செவிலியர் அதற்கும் இணங்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் குமட்டல் நின்றது. வீக்கம் வடிய இன்னும் சில நாட்கள் ஆயின. ஏப்ரல் மாத முதல் வெள்ளியன்று நாம் சென்றபோது கதவு சாத்தியிருந்தது. திண்ணையில் அமர்ந்தோம். கதவு திறந்ததும் வடித்த பையை வீட்டுக்காரம்மா வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பழைய செய்தித்தாளின்மேல் வைத்தார். பையினூடே எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தால் திரவம் தெளிவு; மங்கினால் வயிற்றில் நோய்த்தொற்று என்று கருதி, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். எழுத்துகள் தெரிந்தன. பின்பு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஏற்றியது, வடிந்தது, எடை என்று மூன்று கட்டங்கள் முன்பே இருந்தன. நான்காவதாகப் புதுக் கட்டம் ஒன்று மைகோலால் கோணலாகக் கோடிடப்பட்டிருந்தது. அதன் தலைப்பில் சிறுநீர் என்று எழுதி, அன்றைய தேதிக்கு நேரே 80 என்று குறித்திருந்தார்.

"நேத்து எழுபதுதான் சாமி" என்றார்.